பக்கத்து வீட்டு மாடு

எங்கள் வீட்டுச் சமையலறையில் சொட்டுப் பால் இல்லாமல் ஒரு பண்டிகைச் சமையல் நடந்தது என்றால் அது போன காணும் பொங்கலுக்குத்தான். தயிர்ச் சட்டி, நெய் ஜாடி, மத்து, அடுப்பு மூலையிலேயே குடியிருக்கும் பால் குக்கர் எல்லாவற்றையும் முந்தின நாளே மூட்டை கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். முந்தின நாள் என்றால் மாட்டுப் பொங்கல். அந்த வேலைக்கு நான் பார்த்த நாளைப் பாருங்கள்.

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பையன் பெங்களூரில் மகளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அப்பாவும் அம்மாவும் தாம்பரம் பக்கம். அவர்கள் வந்து எங்களையும் வீட்டையும் பார்த்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் மேற்கொண்டு பேசலாம் என்று இருந்தது. எல்லோருக்கும் லீவாக இருக்கட்டும் என்று காணும் பொங்கலன்றே வரச் சொன்னோம். அன்றைக்கு எங்கள் தெருவில் கறியோ மீனோ கொதிக்காத அடுப்பே இருக்காது.

தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மகள் போன் செய்தாள். நான் விழுப்புரத்தில் ஆபீஸ் முடிந்து, திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, அவங்க வீட்டுல எல்லாரும் வீகன்."

"சைவம்தானே? அதுக்கு ஏன் இந்த இழு இழுக்கிற? மொச்சைக் கொழம்பு, வடை, பாயசம்னு ஜமாய்ச்சிடலாம்."

"வெறும் சைவம் இல்லம்மா. பால், தயிர், நெய், மோர் எதுவும் தொட மாட்டாங்க. தேன்கூடக் கெடையாது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மோர் இல்லாமல் ஒரு விருந்தாளியை எப்படி இலையை விட்டு எழுப்புவது? எங்கள் பக்கத்தில் அது பாதியில் எழுப்பி அனுப்பியதற்குச் சமம். அதைக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல் மேலே போனாள்.

"இன்னொரு விஷயம்மா. அப்பா விவசாயம் பண்றார்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"விவசாயம்தானே பண்றாரு?"

"மாடு, பால் யாவாரம் எதையும் சொல்லல. அவங்க அம்மா இதுல ரொம்ப ஸ்ட்ராங். ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பேசறவங்க. முதல் தடவை வரும்போதே நம்ம வீட்டு மாட்டுக் கொட்டாயைப் பார்த்தாங்கன்னா அவ்ளோதான். ஒரே ஒரு நாள்மா. ப்ளீஸ்."

நான் கத்தியிருக்க வேண்டும். பெற்ற அப்பனின் தொழிலைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று அந்தப் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டிருக்க வேண்டும். என் வாய் அதற்கெல்லாம் பேர்போன வாய். ஆபீசில் மேலதிகாரியே என் மேஜைப் பக்கம் யோசித்துத்தான் வருவார். அன்றைக்கு அந்த வாய், "சரி, பாத்துக்கலாம் விடு" என்றது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நிலம் இருக்கிறது, நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறார். ஆனால் குடும்பம் நிமிர்ந்தது பாலில்தான். விடிவதற்கு முன்னால் கறந்து, பைக்கின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, திண்டிவனத்தில் தெருத்தெருவாக ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சொசைட்டியில் கொட்டிவிட்டு வருவார். என் சம்பளம் இந்த வீட்டைக் கட்டியது. மகளை இன்ஜினியர் ஆக்கியது அவருடைய பால். ஒரு காலத்தில் கொட்டாய் நிறைய மாடுகள் இருந்தன. இப்போது முட்டி வலி. ஒரு கறவை மாடும் அதன் கன்றும்தான். கன்றும் பால் மறந்து தனியாக மேய்கிற வயசு. அந்த மாடு அவரைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. நான் ஒரு தடவை முயற்சி செய்து, தொடையில் வாங்கிய உதைக்கு மருந்து போட்டுக்கொண்டு படுத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் கொட்டாயில் மாட்டைக் குளிப்பாட்டி, கழுத்தில் நெட்டி மாலை போட்டு, கொம்புக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, ஒரு நாள் மாட்டை மறைத்துவைக்க வேண்டிய விஷயத்தைச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று விழுப்புரம் போக வர பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகப் போயிற்று. அவர் ஏன் என்று கேட்கவில்லை. பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க கட்டச் சொல்ற?"

"யாரு வீட்டு சவுக்குத் தோப்புலயாவது..."

"சரி. காலைல கறந்துட்டு இட்டுகினு போய்க் கட்டிட்றேன். அவங்க மத்தியானம் துன்னுட்டு கெளம்பிட்டாங்கன்னா சாயங்காலக் கறவைக்கு ஓட்டியாந்துடலாம். இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிகினு நிக்கிற? நம்ம பொண்ணுக்குத்தானே."

சொல்லிவிட்டு மற்றக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துச் சண்டை போட்டு, அந்தச் சூட்டில் என் மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த மகள் ஒரு தனி வேலை செய்தாள். கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கால்நடைக் கண்காட்சியில் அதிகப் பால் கறந்ததற்காக எங்கள் பழைய மாடு ஒன்று பரிசு வாங்கியபோது எடுத்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் சிரிப்பார். அவர் அப்படிச் சிரிக்கிற வேறு போட்டோ எங்கள் வீட்டில் கிடையாது. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது மாதிரிதான் நிற்பார். மகள் அதைக் கழற்றி பீரோவுக்கு மேலே படுக்கவைத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு தினசரி காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினாள். காலண்டர் சின்னது, வெளுப்பு அதைச் சுற்றித் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

சமையலுக்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெருமையே பட்டுக்கொள்ளலாம். பழைய பாத்திரமெல்லாம் பால் வாசம் பிடித்தவை என்று விழுப்புரம் கடைத்தெருவில் புதுச் சட்டிகளும் கரண்டிகளும் வாங்கி வந்தேன். சர்க்கரைப் பொங்கலுக்குத் தேங்காய்ப்பால், முந்திரி வறுக்கத் தேங்காய் எண்ணெய். மொச்சைக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு, பரங்கிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, சேமியா பாயசம். பாயசத்துக்கும் தேங்காய்ப்பால்தான், அந்த வாரம் நான் திருகிய தேங்காயில் ஒரு கல்யாணமே பண்ணியிருக்கலாம்.

தயிர்தான் என்னைப் படுத்திவைத்தது. மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மல்லாட்டையை ஊறவைத்து, தோலை நீக்கி, அரைத்துப் பால் பிழிந்து, காய்ச்சி, ஆறவைத்து, பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவைத்தால் தயிராகிவிடுமாம். பாலும் தயிருமாகப் புழங்குகிற வீட்டில், எங்கள் நிலத்திலேயே விளைந்த மல்லாட்டையைப் பிழிந்துகொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மல்லாட்டையப் போய்க் கறந்துகினு கெடக்கிற? எவ்ளோ குடுக்குது? எனக்கும் சொல்லு, நாளைக்கே நாலு மூட்டை வாங்கியாந்து கொட்டாயில கட்டிட்றேன்."

முதல் தடவை தண்ணீர் தனியாக, திப்பி தனியாகப் பிரிந்தது. இரண்டாவது தடவை ஒரு மாதிரி வழவழவென்று வந்தது. கோழிக்குப் போட்டேன், அதுவும் யோசித்தது. மூன்றாவது தடவை அவரே கையை விட்டுச் சூடு பார்த்து, "இப்ப போடு காம்ப. இதுக்கு மேல ஆறுனா ஒறையாது" என்றார். காலையில் திறந்தால் கெட்டியாக, வெள்ளையாக, கொஞ்சம் மல்லாட்டை வாசத்தோடு நிஜமாகவே தயிர் உறைந்திருந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர், இன்னொரு தடவை தொட்டார்.

வருகிறவர்கள் மத்தியானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே அவர் மாட்டையும் கன்றையும் தெருக்கோடி சவுக்குத் தோப்பில் கட்டிவிட்டு வந்து குளித்தார். கேன்களைக் கொட்டாய்க்குள் தார்ப்பாய் போட்டு மூடினார். தீபாவளிக்கு எடுத்த வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு, மகள் சொன்ன நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நகக்கண்ணில் நீலப் பெயின்ட் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மகள், "அய்யோ அந்த வாசனை இன்னும் மோசம்பா" என்றதும் சோப்புப் போட்டு மறுபடி கழுவினார்.

மத்தியானமும் ஆயிற்று, அதுவும் தாண்டியது. போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. காணும் பொங்கலுக்கு ஊரே காரை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் கிளம்பியிருக்கிறது; டோல்கேட்டில் வண்டி நகரவில்லை. "இதோ அரை மணியில வந்துடுவோம்" என்று பையன் ஒவ்வொரு தடவையும் அதே அரை மணியைச் சொன்னான். வெட்டிவைத்த இலை சுருண்டது. வடை விறைத்தது. வெயில் இறங்க இறங்க அவர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார்.

"கறவைக்கு நேரமாவுது. ஜல்தியா போய் ஒரு கை கறந்துட்டு வந்துட்றேனே."

"இப்பப் போனா திரும்பக் குளிச்சிட்டு உடுத்த நேரமிருக்காதுங்க. அந்த வாசனையோட வந்து அவங்க எதிர்ல உக்காரப் போறீங்களா?"

இது நான் சொன்னது. மகள் சொல்லவில்லை. அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மத்தியான விருந்து ராச்சாப்பாடாக மாறியிருந்தது. பையனின் அப்பா வண்டி ஓட்டிய அசதியில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். அம்மாவைப் பார்த்து நான்தான் ஏமாந்துபோனேன். ஸ்ட்ராங் என்று மகள் சொன்னதை வைத்து எப்படியெப்படியோ கற்பனை செய்திருந்தேன். சாதாரணக் கைத்தறிப் புடவையில், பேசும்போது எதிராளியின் கையைப் பிடித்துக்கொள்கிற ஒரு மனுஷி இறங்கி வந்தார். "எங்களால உங்க பண்டிகையே கெட்டுச்சு" என்று வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பசியில் இருந்தவர்களை உடனே உட்காரவைத்துப் பரிமாறினேன். கூடத்திலேயே வரிசையாக இலை போட்டோம். அவரையும் சம்பந்தி பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒவ்வொன்றையும் அந்த அம்மா ருசித்துச் சாப்பிட்டார். பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் இவர்களுக்கென்று வெறும் ரசமும் அப்பளமும் போட்டு ஒதுக்கிவிடுவார்களாம். "எங்களுக்காகன்னு ஒருத்தங்க முழு விருந்து சமைச்சு இப்பத்தான் சாப்பிடறேன்" என்றார். மல்லாட்டைத் தயிரை ஊற்றியபோது பையன், "ஆன்ட்டி, இதை விக்கலாம்" என்றான். மகள் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் வாயெல்லாம் பல்.

அப்போதுதான் தோப்புப் பக்கமிருந்து முதல் குரல் வந்தது.

மாடு கத்துவது ஊரில் அதிசயமில்லை. விருந்தாளிகள் யாரும் கவனிக்கவில்லை. அவருடைய கை மட்டும் இலையில் நின்றுவிட்டது. மறுபடி கத்தியது. தோப்பு இருக்கிற தூரத்துக்கு அது பெரிய குரல். நான் வறுவல் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து, கேட்காதவர்களுக்கெல்லாம் போட்டு, பெங்களூர் குளிரைப் பற்றிச் சத்தமாக விசாரித்தேன். மகள் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். தை மாதத்தில் ஃபேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வெளிகேட் தள்ளுண்டு சுவரில் மோதியது. கூடத்து வாசலுக்கு நேராக, போர்ட்டிகோ விளக்கு வெளிச்சத்தில் மாடு வந்து நின்றது. நீலக் கொம்பு, கழுத்தில் நேற்றுப் போட்ட நெட்டி மாலை, அறுந்த கயிறு தரையில் இழுபட்டது. மடி கனத்துக் காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. படிமேல் ஒரு காலை வைத்து, உட்கார்ந்திருந்த எல்லோரையும் விட்டுவிட்டு அவரைப் பார்த்து அடித்தொண்டையில் கூப்பிட்டது.

"யார் வீட்டு மாடுங்க?" என்று பையனின் அப்பா கேட்டார். கண்ணை இப்போது முழுசாகத் திறந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் இலையைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் வறுவல் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். "எங்க மாடுங்க" என்பதில் சொல்வதற்கு என்ன கஷ்டம் இருக்கிறது? நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பக்கத்து வூட்டு மாடுங்க," என்றார் அவர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேலி பண்ணினால்கூட, அதற்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் அதைச் சொன்னபோது மாட்டைப் பார்க்கவில்லை. மாடுதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவம், பால் சொட்டுதே. வலிக்கும் அதுக்கு" என்றார் பையனின் அம்மா. "அவங்களை வரச் சொல்லுங்களேன்."

"அவங்க ஊருக்குப் போயிகிறாங்க. நானே கறந்துட்டு ஓட்டிவுட்டுட்டு வந்துட்றேங்க. தப்பா நெனைக்காதீங்க, நீங்க சாப்டுங்க."

பாதி தயிர்ச்சோற்றை இலையில் விட்டுவிட்டு எழுந்தார். சம்பந்தி பேச வந்தவர்கள் எதிரில் வீட்டுக்காரன் பந்தியில் பாதியில் எழுந்தால் எங்கள் பக்கம் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு அது தெரியும். வாசலில் கையைக் கழுவிவிட்டுத் தும்பைப் பிடித்தார். மாடு உடனே அவர் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது. வெள்ளைச் சட்டையில் எச்சில் ஒழுகியது. அதை அவர் எங்களுக்குத் தெரியாமல் துடைக்கப் பார்த்தார். யாரிடமிருந்து மறைக்கிறார்? அந்த நாக்குப் படாத சட்டை ஒன்றுகூட அவரிடம் கிடையாதே.

மாட்டை வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் கொட்டாய்க்குக் கொண்டுபோனார். அவர் கொண்டுபோனார் என்பதைவிட, அது முன்னால் போக அவர் பின்னால் போனார் என்பதே சரி. வழி தெரியாத பக்கத்து வீட்டு மாடு அப்படிப் போகாது.

சாப்பாடு ஒருவழியாக முடிந்தது. பையனின் அம்மா தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. இலையைப் போட்டுவிட்டுக் கை கழுவச் சமையலறைக்குள் வந்தவர், அங்கேயே ஜன்னலோரம் நின்றுவிட்டார். கொட்டாயிலிருந்து வாளியில் பால் பீய்ச்சும் சத்தம் சொய்ங் சொய்ங் என்று சீராக வந்தது. கூடவே அவர் குரலும். "இரும்மா, இரு. தெரியாமப் பண்ட்டேன். கோச்சிக்காத. இதோ ஆச்சு."

"அவர் நகத்துல நீலப் பெயின்ட் இருந்தது" என்றார் அந்த அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "சாப்பிடும்போது பார்த்தேன். கொம்புலயும் அதே நீலம்."

கை துடைக்க அவருக்குத் துண்டை எடுத்து நீட்டினேன்.

"உங்க பொண்ணு சொன்னதாலயா?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவை மறைத்த பெண் என்று ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டால், எந்த மாமியார் மனசிலிருந்தும் அது போகாது. மகளைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

"அய்யோ, அவ ஒன்னும் சொல்லலைங்க. எனக்குத்தான் வெக்கம். நான்தான் மறைக்கச் சொன்னேன்."

பொய் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். சொல்லி முடித்தபோது அதில் பொய்யே இல்லை. இத்தனை வருஷ விழுப்புரம் ஆபீசில், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், "விவசாயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறவள் நான். மகள் சின்னவளாக இருந்தபோது பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள், சிரித்துக்கொண்டேதான் போவாள். யாரோ அவளைப் பால்காரர் பொண்ணு என்று கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த மாதமே வேன் வைத்தது நான். ஒருநாள் வீட்டுச் சாவியைக் கொடுக்க அவர் கேன் வண்டியோடு ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, சாவியை அங்கே போய் வாங்கினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, மகளையும் ஆபீசுக்குக் கூட்டிப்போயிருந்தேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். பெங்களூரில் போயா அவள் இதைக் கற்றுக்கொண்டாள்?

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை.

"நாங்க பால் குடிக்கறதில்லைன்னுதான் சொன்னோம். அதுக்காக ஒரு மனுஷனை அவர் வீட்டு மாட்டையே இல்லைன்னு சொல்ல வெச்சுட்டீங்களே."

அதில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. இரண்டில் கோபத்தை நான் சுலபமாகத் தாங்கியிருப்பேன். சமையலறை வாசல்படியில் ஏதோ அசைந்தது. மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருந்தது. "ஆன்ட்டி, அம்மா இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதாள். பழியை நீயா நானா என்று இழுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் நிற்க, அந்த அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார்.

சம்பந்தம் நின்றுபோகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். கிளம்பும் முன் அந்த அம்மா கொட்டாய்க்குப் போய் மாட்டைத் தடவிக்கொடுத்தார் என்று பிற்பாடு மகள் சொன்னாள். அது அவரை உதைக்கவில்லையாம். மல்லாட்டைத் தயிர் கொஞ்சம் டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் விருந்து பிரமாதமாக நடந்ததென்றுதான் சொல்கிறேன். நடந்ததும் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பண்டிகையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, மகள் சமையலறையில் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் பின்வாசல் கதவை யாரோ மெதுவாகத் தட்டியதுதான்.

பின்வாசலை எங்கள் வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள். திறந்தே கிடக்கும் கதவு அது. ஓசைப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நுரை விளிம்பு வரை நின்றது. புது வேட்டியில் முழங்கால் வரை சாணி.

"இத எங்க வைக்கட்டும்?" என்று ரகசியக் குரலில் கேட்டார். "நீ உள்ள பால் வரக் கூடாதுன்னியே."

நான் வாளியை வாங்கினேன். கையில் வெதுவெதுவென்று சூடு ஏறியது. உள்ளே எடுத்துவந்து, என்றைக்கும் வைக்கிற இடத்தில், அடுப்பு மேடை மூலையில் வைத்தேன். மகள் பார்த்தாள், அந்த அம்மாவும் பார்த்தார். திரும்பினால் அவர் இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் நின்றார். தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நான் உள்ள வரலாமா?" என்றார்.